பதினோராவது ஆள்

எட்மன்டன். ஜனவரி. மைனஸ் இருபத்தேழு.
சமூகக் கூடத்தின் ஹீட்டர்
பழைய பேருந்து மேடேறுவதுபோல் முனகுகிறது.
மடக்கு நாற்காலிகள் முப்பது விரித்தோம்,
ஒரு நம்பிக்கைதான்.
வந்தது பத்துப் பேர்.

நான் செயலாளர்.
போன வருடப் பொதுக்கூட்டத்தில்
குறிப்பெடுக்க யார் என்று கேட்ட நொடியில்
கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கக் கை தூக்கினேன்.
கைதட்டிவிட்டார்கள்.

கோரத்துக்குப் பதினொருவர் வேண்டும், விதி ஆறு.
தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்.
ஒரு தலை குறையும்போது
இரண்டும் ஒன்றுதான்.
தலைவி ரோஸலிண்டா கதவைப் பார்க்கிறாள்.
கதவு எங்களைப் பார்க்கிறது.
ஹோடனின் கைக்குழந்தையையும் எண்ணலாமா
என்று ஹர்ஜோத் கேட்க,
"சந்தா கட்டவில்லையே" என்கிறார் பொருளாளர்,
சிரிக்காமல்.

நிகழ்ச்சி நிரலில் ஒரே தீர்மானம்:
குடும்ப தினத்தன்று
சறுக்குத் தளத்தின் விளக்குகள்
இரவு பதினொரு மணிவரை எரியட்டும்.
சூடான சாக்லேட்டுக்கு இருநூறு டாலர்.

ஏழு இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது.
குளிர் முதலில் வந்தது,
பின்னால் ஹிரின்சுக்.
தளத்தை ஒட்டிய வீடு அவருடையது.
முழங்கால் வலி, இருநூறு அடிக்கும் கார்தான்.
நாலு வருடத்தில் முப்பத்தோரு புகார்க் கடிதங்கள்,
எல்லாம் என் கோப்பில், தேதிவாரியாக.
எங்கள் விளக்கு அவர் படுக்கையறைச் சுவரில்
நிலா மாதிரி நிற்கிறதாம்.
தேய்வதே இல்லையாம்.

பூட்ஸைத் தட்டினார். தொப்பியைக் கழற்றவில்லை.
"எதிர்த்து வாக்களிக்க வந்திருக்கிறேன்."
எங்கள் முகங்கள் ஏன் இப்படி மலர்கின்றன என்று
அவருக்கு விளங்கவில்லை.
ரோஸலிண்டா காபிக் கரண்டியால்
மேசையைத் தட்டிக் கூட்டத்தைத் தொடங்கினாள்.

முன்மொழிந்தவர்: ஹோடன்.
வழிமொழிந்தவர்: ஹர்ஜோத்.
ஆங்கிலக் குறிப்பில் 'இரண்டாமவர்' என்றுதான் எழுதுகிறேன்.
மனதுக்குள் மட்டும் வழிமொழிதல்:
தனியாக நடக்கக் கூசும் ஒரு வாக்கியத்தோடு
இன்னொருவர் தெருமுனைவரை போய்வருவது.

அவர் ஏழு நிமிடம் பேசினார்.
நாங்கள் எல்லோரும் சேர்ந்து நாலு.
ஆதரவு பத்து. எதிர்ப்பு ஒன்று.

அவர் வராதிருந்தால்
வாக்கெடுப்பே இல்லை என்பதைச்
சொல்லலாமா என்று நான் யோசிக்கும் முன்
பொருளாளர் சொல்லிவிட்டார்,
சிரிக்காமல்.
ஹிரின்சுக் வெகுநேரம் நாற்காலியின் காலைப் பார்த்தார்.
பிறகு,
"காபி ஆறிப்போயிருந்தது. அதையும் குறியுங்கள்."
குறித்துக்கொண்டேன்.

கூட்டம் ஒன்பது பத்துக்கு முடிந்தது.

வெளியே அவருடைய ஃபோர்டு
பனிமேட்டில் பின்சக்கரம் புதைந்து சுழன்றது.
தள்ளலாம் என்று யாரும் முன்மொழியவில்லை.
கையுறைகள் பம்பரில் வரிசையாக ஏறின.
கண்ணாடியை இறக்கி
"இடப்பக்கம்! இடப்பக்கமாக!" என்று கத்தினார்.
சக்கரம் வாரியடித்த பனித்தூளும் மணலும்
பொருளாளரின் மீசையில்.
கார் துள்ளி வெளியே வந்தது.
நிற்காமல் போய்விட்டது.

மறுநாள் 'இதர விஷயங்கள்' தலைப்பின்கீழ்
என்ன நினைத்தோ எழுதிவைத்தேன்:
உறுப்பினர்கள் பத்துப் பேர்
ஒரு வாகனத்தைத் தள்ளினார்கள்.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்தவர்
ஹிரின்சுக்.
இன்றைக்குத் தொப்பி மடியில்.
குறிப்பில் பிழை இருக்கிறது என்றார்.
தள்ளியது ஒன்பது பேர்.
ஹோடன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு
கைபேசியால் வெளிச்சம் காட்டினாள்.
"பின்பக்கக் கண்ணாடியில் எண்ணினேன்.
வெளிச்சம் காட்டியது ஒருவர்
என்று தனியாக எழுத வேண்டும்."

திருத்தத்தை முன்மொழிந்தவர்: ஹிரின்சுக்.
வழிமொழிபவர் யார் என்று ரோஸலிண்டா கேட்டாள்.
அத்தனை கைகளும் ஒரே சமயத்தில் எழுந்தன.
யார் பெயரை எழுதுவது?
பேனாவைத் திறந்தபடி
இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.